சுண்டைக்காய்ச் சுரப்பியும் சளைக்காத மனிதரும்



இரண்டு கண்களுக்கும் நடுவே மூக்கின் வேரிலிருந்து ஒரு நேர்கோடு போட்டுத் தலைக்குள் போய்க்கொண்டே இருந்தால், மூளையின் அடியில் ஒரு சின்ன எலும்புக்குழி வரும். குதிரைச் சேணம் மாதிரி இருப்பதால் உடற்கூறு நூல்களில் அதற்குத் துருக்கிச் சேணம் என்றே பெயர். அந்தக் குழிக்குள் சுண்டைக்காய் அளவில் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. எடை போட்டால் அரை கிராம் தேறும். அதுதான் பிட்யூட்டரி. நாம் எவ்வளவு உயரம் வளர வேண்டும், தைராய்டு எவ்வளவு சுரக்க வேண்டும், பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊற வேண்டுமா என்பதையெல்லாம் இந்த அரை கிராம்தான் கவனித்துக் கொள்கிறது.

இந்த அரை கிராமுக்கும் சர்க்கரை நோய்க்கும் சம்பந்தம் உண்டு என்று காட்டியவர் அர்ஜென்டினா நாட்டு விஞ்ஞானி ஒருவர். அர்ஜென்டினா என்றால் நமக்கு மரடோனா தெரியும், மெஸ்ஸி தெரியும், சே குவேரா தெரியும். பெர்னார்டோ ஆல்பர்டோ ஊசாய் என்றால் யார் என்று கேட்போம். (எழுதும்போது பெயருக்கு முன்னால் ஒரு ஹெச் வரும். ஸ்பானிய மொழியில் அது ஊமை எழுத்து.) மெக்சிகோவிலிருந்து சிலி வரை லத்தீன் அமெரிக்கா என்கிறோமே, அங்கிருந்து அறிவியலுக்காக நோபல் பரிசு வாங்கிய முதல் மனிதர் அவர்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பரிசு வந்தபோது அவருடைய சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு நாற்காலி இல்லை!

பார்மசி படித்த பையன்

1887-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் புவெனஸ் அயர்ஸ் நகரில் பிறந்தார் ஊசாய். பெற்றோர் பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர்கள். அப்பா வக்கீல். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். ஏழைக் குடும்பம் என்று சொல்லிக் கண்ணீர் வரவழைக்க எனக்கு விருப்பமில்லை, அப்படி இருக்கவும் இல்லை. ஆனால் பையன் அசாத்தியமான பையன். 14 வயதிலேயே பல்கலைக்கழகத்தின் பார்மசிப் பள்ளியில் சேர்த்துக் கொண்டார்கள். 1904-ல், 17 வயதில், பார்மசி முடித்து வெளியே வந்தார். அதாவது, நம்மில் பல பேர் டிப்ளமோ முதல் வருஷத்தில் அரியர் எண்ணிக்கொண்டிருக்கும் வயது.

அதோடு நிற்கவில்லை. உடனே மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். படிக்கும்போதே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலையும் பார்த்தார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்க நினைக்கும் நண்பர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். பகலில் மருந்து கலக்கிக் கொடுத்த கையால்தான் அவர் பரிசோதனை செய்யக் கற்றுக்கொண்டிருப்பார் என்பது என் எண்ணம். அளவு தவறினால் ஆள் போய்விடும் வேலை அல்லவா அது!

மாணவராக இருந்தபோதே பிட்யூட்டரி மேல் அவருக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அந்தச் சுரப்பியைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம். அதில் கட்டி வந்தவர்களுக்குக் கையும் காலும் தாடையும் பெருத்துப் போகும், சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரை போகும், அவ்வளவுதான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. 1911-ல் டாக்டர் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வும் பிட்யூட்டரிச் சாறு உடம்பில் என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான். அதற்கும் முந்தின வருஷமே, 23 வயதில், கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியர் ஆகிவிட்டார். பட்டம் வாங்கும் முன்னே வாத்தியார்!

பிறகு 1915 முதல் 1919 வரை அரசாங்கத்தின் பாக்டீரியா ஆய்வு நிலையத்தில் பாம்பு விஷம், சிலந்தி விஷம் பற்றி ஆராய்ந்தார். 1919-ல் புவெனஸ் அயர்ஸ் மருத்துவக் கல்லூரியின் உடலியல் துறை அவர் கைக்கு வந்தது. அன்றைய பேராசிரியர்கள் கிளினிக் வைத்துச் சம்பாதித்துக்கொண்டு, வாரத்தில் சில மணி நேரம் வந்து பாடம் நடத்திவிட்டுப் போவது சகஜம். ஊசாய் அந்த வழிக்கே போகவில்லை. தனிப்பட்ட மருத்துவத்தை விட்டுவிட்டு முழு நேரமும் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். 1920-ல் மரியா ஆஞ்செலிகா கத்தான் என்ற வேதியியல் படித்த பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று மகன்கள். மூவரும் டாக்டர்களானார்கள்.

தேரையும் நாயும்

இப்போது கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம்.

1889-ல் ஜெர்மனியில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. 1921-ல் கனடாவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தார்கள். உலகமே கொண்டாடியது. சர்க்கரை நோய் என்றால் இன்சுலின் குறைவு, இன்சுலின் கொடுத்தால் சரி, கணக்கு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஊசாய்க்கு மட்டும் கணக்கு முடியவில்லை. பிட்யூட்டரியை எடுத்துவிட்ட நாய்களுக்கு அவர் இன்சுலின் போட்டுப் பார்த்தார். சாதாரண நாய் சமாளித்துக்கொள்ளும் சின்ன அளவு இன்சுலினே இந்த நாய்களுக்குச் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கி வலிப்பு வரை கொண்டுபோனது. 1924-லேயே இதை எழுதிவிட்டார். அப்படியென்றால் என்ன அர்த்தம்? இன்சுலின் ஒரு பக்கம் கீழே இழுக்கிறது. பிட்யூட்டரி இன்னொரு பக்கம் மேலே தூக்குகிறது. தூக்குகிற ஆள் போய்விட்டால் கொஞ்சம் இழுத்தாலே விழுந்துவிடுகிறது.

ஆனால் பிட்யூட்டரியை எடுப்பது லேசான காரியமா? மூளைக்கு அடியில், எலும்புக்குழிக்குள் இருக்கிறது. கை கொஞ்சம் நடுங்கினாலும் மூளையில் பட்டுவிடும். பிறகு விளைந்தது சுரப்பி இல்லாததாலா, மூளை கெட்டதாலா என்று தெரியாமல் போய்விடும். இங்கேதான் அவருக்குத் தென் அமெரிக்காவின் பெரிய தேரை கைகொடுத்தது. வயல்வெளியிலே சாதாரணமாகக் கிடைக்கும் பிராணி. விலை மலிவு. அறுவை செய்தாலும் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பிட்யூட்டரியின் முன்பகுதியையும் பின்பகுதியையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்க வசதியான உடம்பு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் பணத்தைக் கொட்டிச் செய்துகொண்டிருந்த வேலையை, இவர் ஊர்த் தேரையை வைத்துச் செய்தார்!

1930-ல் அவரும் அவருடைய சக ஆய்வாளர் பியாசோட்டியும் வெளியிட்ட முடிவு இதுதான். கணையத்தை எடுத்தால் சர்க்கரை நோய் வருகிறது. கணையத்தோடு பிட்யூட்டரியையும் எடுத்துவிட்டால் அந்த நோயின் வேகம் தணிந்துவிடுகிறது. இன்சுலினே இல்லாத உடம்பில் நோய் தணிகிறது! பிட்யூட்டரியின் முன்பகுதியை மட்டும் திரும்ப ஒட்டவைத்தால் நோய் பழையபடி ஏறுகிறது. பின்பகுதியை வைத்தால் ஒன்றும் ஆவதில்லை. அதுவரை சர்க்கரைக்குக் காரணம் பின்பகுதி என்றே பலரும் நம்பி வந்தார்கள். அந்த நம்பிக்கை அத்தோடு போயிற்று. இரண்டு சுரப்பியும் இல்லாத அந்த நாய்க்கு மருத்துவ நூல்களில் ஊசாய் நாய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1932-ல் இதையே தலைகீழாகவும் செய்து காட்டினார். நல்ல ஆரோக்கியமான நாய்க்கு முன்பகுதிச் சாற்றை ஊசி போட்டார். சர்க்கரை ஏறியது.

நாய்களையும் தேரைகளையும் நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை.

நம் பாஷையில் சொன்னால், வீட்டில் ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைக்கிறோமே, அது வோல்டேஜ் ஏறினால் குறைக்கவும் வேண்டும், இறங்கினால் கூட்டவும் வேண்டும். குறைக்க மட்டும் தெரிந்தால் அது ஸ்டெபிலைசர் இல்லை. ரத்தத்தில் சர்க்கரையும் அப்படியே. பிட்யூட்டரியின் முன்பகுதியிலிருந்து வரும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலைக்கு முட்டுக்கட்டை போடுகிறது. அங்கிருந்தே வரும் ஏ.சி.டி.ஹெச். என்ற இன்னொரு ஹார்மோன் அட்ரீனல் சுரப்பியைத் தட்டி எழுப்பிக் கார்டிசால் சுரக்க வைக்கிறது. கார்டிசால் கல்லீரலில் புதிதாகச் சர்க்கரை செய்ய வைக்கிறது.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சுகர் இருக்கிறது. ராத்திரி ரெண்டு இட்லியோடு படுத்தாலும் விடிகாலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் அளவு ஏறியிருக்கும். ராத்திரி முழுக்க ஒண்ணுமே சாப்பிடலையே, இது எங்கேருந்து வந்துச்சு என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். தூக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும், விடிகாலையில் ஏறும் கார்டிசாலும் சேர்ந்து செய்யும் வேலை அது. இதற்கு விடிகாலை நிகழ்வு என்றே டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊசாயைப் பற்றிப் படித்த பிறகுதான் அப்பாவுக்குப் பதில் சொல்ல முடிந்தது. அரை கிராம் சுரப்பி, தேரை, நாய் எல்லாம் சொல்லி முடித்தேன். நாயைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

ஒரு கையெழுத்து

1943 ஜூனில் அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அக்டோபர் மாதம் படித்தவர்கள் சுமார் 150 பேர் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். நாட்டில் மறுபடி ஜனநாயகம் வேண்டும் என்று கேட்ட அறிக்கை. அதில் ஊசாயின் கையெழுத்தும் இருந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் அரசாங்கச் சம்பளம் வாங்குபவர்கள் அத்தனை பேரையும் வேலையை விட்டு நீக்கியது அரசு. 24 வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டிய உடலியல் நிலையத்தின் கதவு அவருக்கு அடைபட்டது. வயது அப்போது 56.

அவருக்காகச் சீடர்கள் பலர் தாங்களாகவே வேலையை விட்டார்கள். லூயி லெலுவார் என்ற சீடர், ஊசாயிடம் டாக்டர் பட்ட ஆய்வு செய்தவர், நாட்டைவிட்டே கிளம்பி அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஊசாய்க்கும் வெளிநாடுகளிலிருந்து அழைப்பு வந்தது. போயிருந்தால் வசதி, சம்பளம், நிம்மதி எல்லாம் கிடைத்திருக்கும். அவர் போகவில்லை. இது சரியா தப்பா என்று ஹாஸ்டலில் எங்கள் ரூமில் ஒரு ராத்திரி முழுக்க விவாதம் நடந்தது. போயிருந்தால் இன்னும் பெரிதாகச் சாதித்திருப்பார் என்றான் ஒரு நண்பன். அவன் சொன்னதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அவர் போயிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் அந்த நாட்டில் நடந்திருக்காது என்பது என் கட்சி.

என்ன நடந்தது? 1944-ல் தனியார் கொடுத்த பணத்தில், சௌபெரான் குடும்பத்தின் அறக்கட்டளை கைகொடுக்க, பலெர்மோ பகுதியில் கோஸ்டாரிக்கா என்ற பெயருள்ள தெருவில் ஒரு குடியிருப்பு வீட்டில் உயிரியல் மற்றும் பரிசோதனை மருத்துவ நிலையம் என்று ஒன்றைத் தொடங்கினார். சின்னச் சின்ன அறைகள். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் உதவியது. 1945-ல் அரசு அவரைத் திரும்பக் கூப்பிட்டது. 1946-ல் பெரோன் ஆட்சிக்கு வந்த வருஷத்தில் மறுபடி வெளியேற்றியது. சரி, வீடு இருக்கிறதே என்று அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டைவிட்டுப் போன லெலுவாரும் திரும்பி வந்து அதே வீட்டில் சேர்ந்தார்.

இந்தக் காலகட்டத்தில்தான் இன்னொரு வேலையும் நடந்தது. தன் சீடர்களைச் சேர்த்துக்கொண்டு மனித உடலியல் என்ற பெரிய பாடநூலை ஸ்பானிய மொழியில் கொண்டுவந்தார். லத்தீன் அமெரிக்க மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் படித்தார்கள். பிறகு 1951-ல் அது ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலத்திலிருந்து வரவில்லை, ஆங்கிலத்துக்குப் போனது! தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக டிக்‌ஷனரி வைத்துப் படித்த என் போன்றவர்களுக்கு இதைக் கேட்டால் ஒரு சந்தோஷம் வருகிறது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆளில்லை. பாடநூல் புரியவில்லை என்றால் எங்களுக்கு எல்லாமே நின்றுவிடும்.

1947-ல் நோபல் பரிசு. பிட்யூட்டரி முன்பகுதியின் ஹார்மோன் சர்க்கரை வளர்சிதை மாற்றத்தில் வகிக்கும் பங்கைக் கண்டதற்காக ஊசாய்க்குப் பாதி. மீதிப் பாதி, உடம்பில் கிளைகோஜன் எப்படிச் சர்க்கரையாகிறது என்று கண்டுபிடித்த அமெரிக்கத் தம்பதி கார்ல் கோரிக்கும் கெர்ட்டி கோரிக்கும். லெலுவார் அமெரிக்காவில் இருந்தபோது வேலை பார்த்தது இந்தக் கோரி தம்பதியின் ஆய்வுக்கூடத்தில்தான்! சொந்த நாட்டிலோ, ஆட்சிக்கு வேண்டிய பத்திரிகைகள் இதில் அரசியல் இருக்கிறது என்று எழுதின. இருந்தால்தான் என்ன, தேரைக்கு அரசியல் தெரியுமா?

1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வயது 68. 1958-ல் நாட்டின் அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் ஊசாய். இளைஞர்கள் ஆராய்ச்சியை ஒரு முழு நேர உத்தியோகமாக, மாதச் சம்பளத்தோடு செய்யலாம் என்ற ஏற்பாடு அங்கே அந்தக் கவுன்சிலால்தான் வந்தது. சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1970-ல் சீடர் லெலுவாருக்கு வேதியியல் நோபல் கிடைத்ததைக் கண்ணால் பார்த்தார். 1971 செப்டம்பர் 21-ஆம் நாள், 84-ஆம் வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார். வியாமோண்டே தெருவில் அவர் வாழ்ந்த வீடு பிறகு அருங்காட்சியகமாக்கப்பட்டது. அவர் பிறந்த ஏப்ரல் 10-ஐ அர்ஜென்டினாவில் அறிவியல் ஆராய்ச்சியாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அவர் பார்க்காத பூட்டு

வாழ்க்கை முடிந்தது. ஆனால் விஷயம் முடியவில்லை.

ஹார்மோன் ரத்தத்தில் எல்லா இடத்துக்கும் போகிறது. அப்படியிருக்க, ஒரு குறிப்பிட்ட செல் மட்டும் அதற்கு எப்படிச் செவிசாய்க்கிறது? சாவி ஊரெல்லாம் சுற்றினாலும் பூட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் திறக்கும். அந்தப் பூட்டுக்கு ரிசப்டர் என்று பெயர், தமிழில் ஏற்பி. ஊசாய் தன் ஆயுள் முழுக்கச் சாவியைத்தான் பார்த்தார். கதிரியக்க அடையாளம் போட்ட ஹார்மோனை அனுப்பி, அது செல்லில் எங்கே போய் ஒட்டுகிறது என்று எண்ணிப் பார்க்கும் முறை 1970, 71-ல்தான் கைகூடியது. இன்சுலினுக்கு ரிசப்டர் இருப்பதை அப்படி நேரடியாகக் காட்டியது 1971-ல், அவர் கண் மூடிய அதே வருஷம்.

அப்புறம் தெரிந்தது இன்னும் விசேஷம். பிட்யூட்டரி மற்றவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரி மட்டும் இல்லை. அதன் செல்களிலும் ரிசப்டர்கள் உண்டு, அதுவும் உத்தரவு வாங்குகிறது. மேலே மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து வரும் ஒரு ஹார்மோன், வளர்ச்சி ஹார்மோனை விடு என்று அதற்குச் சொல்கிறது. கீழே அட்ரீனலிலிருந்து கார்டிசால் திரும்பி வந்து பிட்யூட்டரி செல்லுக்குள்ளேயே புகுந்து, அங்குள்ள ரிசப்டரோடு சேர்ந்து, ஏ.சி.டி.ஹெச். தயாரிக்கும் ஜீனையே அடக்கிவிடுகிறது. தைராய்டு ஹார்மோனும் தன்னைத் தூண்டும் ஹார்மோனின் ஜீனை அப்படித்தான் அடக்குகிறது. நாம் கன்ட்ரோல் சிஸ்டத்தில் படிக்கும் நெகடிவ் ஃபீட்பேக் இதுவேதான்! பரீட்சைக்கு வரைகிற பிளாக் டயக்ராமை எடுத்து இதன் மேல் வைத்தால் அப்படியே பொருந்தும்.

1988-ல் பிட்-1 என்ற ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அது பிட்யூட்டரி செல்லில் வளர்ச்சி ஹார்மோன் ஜீனை முடுக்கிவிடும் சுவிட்ச். மேலேயிருந்து வரும் உத்தரவை வாங்கும் ரிசப்டர் இருக்கிறதே, அதன் ஜீனையும் இதே பிட்-1தான் முடுக்குகிறது என்று 1992-ல் தெரிந்தது. அதாவது சரக்கு தயாரிக்கும் மெஷினுக்கும், ஆர்டர் வாங்கும் டெலிபோனுக்கும் ஒரே மெயின் சுவிட்ச். அந்தச் சுவிட்ச் பழுதான எலிகள் குள்ளமாகவே இருந்துவிடுகின்றன. இந்தப் பழுது மனிதர்களிலும் இருப்பதை அதே 1992-ல் கண்டார்கள்.

கடைசியாக ஒன்று. ஈக்வடார் நாட்டின் தெற்கே மலைக் கிராமங்களில் சுமார் 100 பேர் இருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் நிறையவே இருக்கிறது. ஆனால் கல்லீரல் முதலிய இடங்களில் அதை வாங்கும் ரிசப்டரின் ஜீனில் பிறவிப் பழுது. ஆகவே உயரம் நாலு அடிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். கீட்டோ நகரத்து டாக்டர் ஹைமே கெவாரா அகிர்ரே இவர்களை 22 வருஷம் தொடர்ந்து கவனித்து, அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2011-ல் முடிவை வெளியிட்டார். அதே கிராமங்களில் வாழும் சாதாரண உயரமுள்ள உறவினர்களில் நூற்றுக்கு 5 பேர் போலச் சர்க்கரை நோயாளிகள். இவர்களில் பல பேருக்கு உடம்பு பருமன்தான், சாப்பாட்டிலும் கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் அத்தனை வருஷத்தில் இவர்களில் ஒருவருக்குக்கூடச் சர்க்கரை நோய் வரவில்லை.